மருதனூத்து சுமந்த பாரம்

தை பிறந்து பொங்கல் பானையின் கரியைக்கூட யாரும் முழுசாகத் தேய்த்துக் கழுவியிராத ஒரு காலையில், மருதனூத்து திராட்சைக் கொட்டகையில் அழுகல் பழம் கழித்துக்கொண்டிருந்த தவமணியின் முதுகில், வடக்கே பேர் சொல்லக் கூடாத ஏதோ ஒரு பனிமலையில் ஏறிக்கொண்டிருந்த அவள் புருஷன் சுருளிவேலின் பை வந்து இறங்கியது.

பை என்றால் கண்ணில் படுகிற பை இல்லை, பாரம் மட்டும். துணியும் இல்லை, வாரும் இல்லை. யாரோ பின்னால் வந்து மெதுவாக மாட்டிவிட்டது போல இரண்டு தோளையும் கவ்விக்கொண்டு, இடுப்பில் ஒரு இடி இடித்து உட்கார்ந்தது. தவமணி கையிலிருந்த கத்தரிக்கோலோடு முன்னால் கவிழ்ந்து, திராட்சைப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பக்கத்திலிருந்த பெண்கள் "என்னடி, மசக்கையா?" என்று கேட்டுவிட்டு, சுருளிவேல் லீவு முடிந்து போய் எட்டு மாசம் ஆயிற்றே என்பது ஞாபகம் வர நாக்கைக் கடித்துக்கொண்டார்கள். பிறகு சிரித்தார்கள். பிறகு அவள் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்கள்.

பெட்டி நிறுக்கிற மெஷினில் அவளை ஏற்றினார்கள். போன வாரம்தான் விளையாட்டாக எல்லாரும் ஏறி நின்று பார்த்திருந்ததால் அவள் எடை கொட்டகைக்கே தெரியும். இப்போது மெஷின் அதைவிட முப்பத்தேழு கிலோ கூடுதலாகக் காட்டியது. மெஷின் கெட்டுவிட்டது என்று ஒரு பெட்டியை வைத்துப் பார்த்தார்கள், பெட்டி சரியாகத்தான் இருந்தது. ரவிக்கையை விலக்கிப் பார்த்தால் இரண்டு தோளிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்த தடம்.

"இது அவரு பை," என்றாள் தவமணி.

அவளுக்கு அதில் சந்தேகமே இல்லை. சுருளிவேல் ராணுவத்தில் கமாண்டோ. கடைசியாக லீவில் வந்திருந்தபோது, மலையில் என்னதான் சுமப்பீர்கள் என்று அவள் விடாமல் கேட்டதால், வீட்டிலிருந்த அரிசி, செங்கல், தண்ணீர்க் கேன் எல்லாவற்றையும் ஒரு பையில் கட்டி அவள் முதுகில் மாட்டி, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்ற வைத்தான். மேலே கனம், அடியில் லேசு, வலது பக்கம் ஒரு இழுப்பு. "விழுந்தா பதறாத. முதல்ல முட்டி போடு, அப்புறம் ஒரு கால ஊனு, அப்புறம் எந்திரி" என்று சொல்லிக்கொடுத்து, அவள் தள்ளாடியதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்தான். அந்தக் கனத்தை, ஒருவருடைய வியர்வை வாசனையை அறிவது போல அவள் உடம்பு அறிந்துவைத்திருந்தது. முந்தின நாள்தான் போனில், "கொஞ்ச நாளைக்குப் போன் வராது. எங்கன்னு கேக்காத" என்று சொல்லியிருந்தான்.

அன்று சாயங்காலம் வரை நின்றே இருந்தவள், கால் கடுத்துப்போய் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்த அந்த நொடியே பாரம் காணாமல் போனது. அப்பாடா என்று மூச்சு விட்டவளுக்கு, அது எங்கே போயிருக்கும் என்பது அடுத்த மூச்சில் உறைத்தது. துள்ளி எழுந்தாள். பாரம் திரும்ப வந்து தோளில் ஏறிக்கொண்டது. அப்போதுதான் அவளுக்குக் கணக்குப் புரிந்தது: அவள் நின்றால் அது அவளிடம், அவள் உட்கார்ந்தால் அவனிடம். அவனே எங்காவது பையை இறக்கிவைத்தால் மட்டும்தான் ரெண்டு பேருக்கும் ஓய்வு. முகத்தைக் கழுவிக்கொண்டு, புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, தவமணி தெருவில் நடக்க ஆரம்பித்தாள்.

அவள் எவ்வளவு நேரம்தான் நிற்பாள்? மறுநாள் காலை கொட்டகைக்கு வரும் வழியில் தலை சுற்றிச் சாய்ந்தவளை, லாரிக்குப் பெட்டி ஏற்றுகிற லோடுமேன்களுக்குத் தலைவனான இருளப்பன் ஓடிவந்து தோளை முட்டுக்கொடுத்துத் தாங்கினான். தாங்கியவன் "ஆத்தே!" என்று கத்திக்கொண்டு தானே குனிந்தான். தவமணி இறகு போல நிமிர்ந்தாள். பாரம் தோள் மாறிவிட்டது.

இருளப்பன் அப்படியே நாலு எட்டு முன்னும் பின்னும் நடந்து பார்த்தான். லாரியையே தூக்குவான் என்று ஊரில் பேர் வாங்கியவன், முகத்தில் ஒரு ரசனை படர, "நல்லாக் கட்டியிருக்கான்யா," என்றான். "வலது பக்கம் மட்டும் கொஞ்சம் இழுக்குது. விடு தங்கச்சி, நீ போய் ஒரு வாய் கஞ்சி குடி. மாப்பிள்ளைய நான் பாத்துக்கிறேன்."

அன்றைக்கு மத்தியானத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. மருதனூத்துக்காரர்கள் யாரும் இது எப்படி நடக்கும் என்று கேட்டு நேரத்தை வீணாக்கவில்லை. பக்கத்து ஊரில் ஒரு எருமை இரண்டு தலையோடு கன்று போட்டபோதும் அவர்கள் எந்த வாய்க்கு முதலில் பால் கொடுப்பது என்றுதான் கவலைப்பட்டார்கள். இப்போதும் அவர்கள் கேட்டதெல்லாம், காலையில் யார், மத்தியானம் யார், ராத்திரிக்கு யார் என்பதுதான்.

பட்டாளத்துச் சமையல்கூடத்தில் இருபது வருஷம் சப்பாத்தி போட்டுவிட்டு ஓய்வுபெற்று வந்திருந்த குருநாதன், டீக்கடை பெஞ்சில் ஏறி நின்று பையில் என்னென்ன இருக்கும் என்று விளக்கினார். கயிறு இருக்கும், அந்தக் கயிற்றில் உறைந்த ஐஸ் இருக்கும், அவன் சுடுகிற தோட்டாவும் கூட வருகிறவனுக்குக் கொடுக்க வேண்டிய தோட்டாவும் இருக்கும், ஒயர்லெஸ் பேட்டரி இருக்கும், அது செத்தால் மாற்றுவதற்கு இன்னொரு பேட்டரி இருக்கும், பனியை உருக்கித் தண்ணீராக்குகிற அடுப்பு இருக்கும், அடிபட்டவனுக்குக் கட்ட மருந்து இருக்கும், சோறு மட்டும் கொஞ்சமாக இருக்கும், ஏனென்றால் சாமானில் எதையாவது குறைக்கச் சொன்னால் கமாண்டோ சோற்றைத்தான் குறைப்பான். இவ்வளவையும் தூக்கிக்கொண்டு, மூச்சுக்கே பஞ்சமான உயரத்தில், படுத்தால் விரல் உறைந்துவிடும் என்று படுக்காமல், பேசினால் சத்தம் கேட்கும் என்று பேசாமல், அவன் நடக்க வேண்டும்.

பெஞ்சிலிருந்து இறங்கப் போனவர் நின்று, "இன்னொன்னு. இது ராணுவ ரகசியம். எவனாவது போட்டோ எடுத்து வாட்ஸப்ல போட்டீங்க, தொலைச்சுப்புடுவேன்," என்றார்.

வாய்க்குப் பூட்டே இல்லாத மருதனூத்து அந்த ஒரு ரகசியத்தை மட்டும் காப்பாற்றியது. வெளியூர்க்காரர்கள் யாராவது, இந்த ஆள் ஏன் ஒன்றுமில்லாத முதுகைக் கூனிக்கொண்டு தெருவைச் சுற்றிச் சுற்றி வருகிறார் என்று கேட்டால், அம்மனுக்கு நேர்த்திக்கடன் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். பள்ளிவாசல் தெரு காதர் மைதீனும் அதையே சொன்னார். கேட்டவர் குழம்பிப்போய் பஸ் ஏறினார்.

ஊர் அந்தப் பாரத்தோடு வாழப் பழகியது. விடியலில் லோடுமேன்கள், வெயில் ஏறியதும் கொட்டகைப் பெண்கள், மத்தியானம் முடிதிருத்துகிறவரும் பூசாரியும் காதர் மைதீனும், சாயங்காலம் கபடிக் குழு என்று முறை வந்தது. தோளோடு தோள் உரசி வாங்க வேண்டும், உரசிக் கொடுக்க வேண்டும். வரப்புச் சண்டையில் ஏழு வருஷமாக முகம் பார்க்காத அண்ணனும் தம்பியும் அடுத்தடுத்த முறைக்கு மாட்டிக்கொண்டு, முகத்தை ஆளுக்கொரு பக்கம் திருப்பியபடி தோளை மட்டும் உரசினார்கள். மூன்றாவது நாள், "மெதுவாக் குடுடா, எருமை," என்று அண்ணன் வாய்விட்டுச் சொன்னதும், ஊர் கைதட்டியது.

நாளாக ஆக, பாரத்தை வைத்தே அவன் நடையைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பின்னால் இழுத்தால் ஏற்றம், முன்னால் தள்ளினால் இறக்கம், இரண்டு பக்கமும் ஊசலாடினால் பாறை விளிம்பு, திடீரென்று தலைக்கு மேலே உயர்ந்தால் ஆற்றைக் கடக்கிறான். மாவட்டத்தைத் தாண்டியிராத பெண்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே, "இன்னிக்கு என்னா செங்குத்தா ஏறுறான் பாத்தியா, நேத்து ஆறு இதைவிடப் பரவால்ல" என்று இமயமலையைப் பற்றிப் பேசிக்கொண்டார்கள். அவன் பையை இறக்கிவைக்கும் நேரம்தான் மருதனூத்துக்குச் சாப்பாட்டு நேரம். "இறக்கிட்டான்!" என்று தெருவில் ஒரு குரல் கேட்டால், எல்லா வீட்டிலும் தட்டுச் சத்தம் கேட்கும். பாதிச் சோற்றில் "ஏத்திட்டான்!" என்று குரல் வந்தால், முறைக்காரர் கையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்.

தவமணிக்கு அந்த நாட்களில் ஒரு வினோதமான சந்தோஷம். கல்யாணமான நாலு வருஷத்தில், மிஷனுக்குப் போயிருக்கிறான் என்றால் அவளுக்குச் சோறு இறங்காது, போன் வரும்வரை உயிர் கையில் இருக்காது. இப்போதோ, இருக்கிறான், நடக்கிறான், இதோ உட்கார்ந்துவிட்டான் என்று நிமிஷத்துக்கு நிமிஷம் தெரிந்தது. அவள் முறை வரும்போது பாரத்தை வாங்கிக்கொண்டு வாய்க்கால் கரையோரம் தனியாக நடப்பாள், பக்கத்தில் அவன் நடப்பது போல மெல்லிய குரலில் கொட்டகைக் கதையெல்லாம் பேசிக்கொண்டே.

இதில் கடுகடுத்துக் கிடந்தவள் ஊரிலேயே ஒருத்தி மட்டும்தான், தவமணியின் மாமியார் பேச்சியம்மாள்.

மகன் தன்னைக் கேட்காமல் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துப் பெண்ணை ரெஜிஸ்டர் ஆபீஸில் கட்டிக்கொண்டு வந்ததிலிருந்து, அதே தெருவில் நாலு வீடு தள்ளி இருந்தும், பேச்சியம்மாள் மருமகளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எதுவானாலும் மூன்றாவது ஆள் வழியாகத்தான். பாரம் வந்த சேதி கேட்டதும் அவள் பொங்கிவிட்டாள்.

"பத்து மாசம் சுமந்தவ நானு. அவனோட கனம் எம்புட்டுன்னு எனக்குத் தெரியுமா, இவளுக்குத் தெரியுமா? எங்கிட்ட வர வேண்டியது வெலாசம் தப்பி அங்க போயிருச்சு. அவகிட்டச் சொல்லு!"

பக்கத்தில் நின்றவர்கள், "ஏக்கா, நீயும் ஒரு முறை வாங்கிக்கயேன், தோள ஒரசுனா வந்துரப் போகுது," என்றார்கள்.

"அவ தோள ஒரசி வாங்குறதா? எம்மகன் பாரம் எனக்கு நேரா வரட்டும்," என்றவள், தினமும் காலையில் குளித்து, முதுகை நிமிர்த்தி, வாசலில் தூண் மாதிரி நின்று காத்திருந்தாள். வரவில்லை. தெருவில் பாரத்தோடு போகிறவர்களைப் பார்த்தால் மட்டும், "குலுக்காமப் போடா, உள்ள அடுப்பு இருக்காம்ல," என்று ஒரு அதட்டல் போடுவாள். பேச்சியம்மாள் அதட்டினால் மூன்று தெருவுக்குக் கேட்கும்.

சந்தைக் கிழமை வந்தது. நண்பகல் வெயிலில் இருளப்பன் பாரத்தை வாங்கிக்கொண்டு, கத்தரிக்காய்க் கடைக்கும் கருவாட்டுக் கடைக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தான். பாரம் காலையிலிருந்தே சரியாக இல்லை. ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, விட்டுவிட்டு வந்தது, தரையோடு தரையாகப் படுத்தது, ஓடியது. வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் கண்ணைப் பார்த்துக்கொள்ளாமல் கொடுத்தார்கள். திடீரென்று முற்றிலும் நின்றது. கொஞ்ச நேரம் ஒன்றுமே இல்லை. பிறகு இருளப்பன் ஒரு முனகலோடு இரண்டு முட்டியும் தரையில் மோத விழுந்தான்.

தவமணி கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடிவந்தாள்.

"அண்ணே! என்னண்ணே?"

இருளப்பனின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது. "இது பை இல்ல தங்கச்சி," என்றான் மூச்சுத் திணறலோடு. "பையக் கழட்டிப் போட்டுட்டான். இது ஆளு. முதுகுல ஒரு ஆளைத் தூக்கியிருக்கான்." கொஞ்சம் நிறுத்தி, காதைக் கூர்மையாக்குவது போலத் தலையைச் சாய்த்து, "மூச்சு விடுது," என்றான்.

சந்தை அப்படியே நின்றது. தராசுகள் நின்றன. இருளப்பன் முட்டியில் இருந்தபடி ஒரு காலை ஊன்றி எழப் பார்த்தான், முடியவில்லை. தவமணி அவன் இடது தோளில் தன் தோளைக் கொடுத்தாள். வழக்கமாக முழுசாக மாறிவிடும் பாரம் இந்தத் தடவை மாறவில்லை, இரண்டு பேருக்கும் நடுவில் பாதிப் பாதியாகத் தொங்கியது. அதைப் பார்த்ததும் கருவாட்டுக்காரி எழுந்து வந்து தவமணியின் மறு தோளில் தோளை வைத்தாள். அவளுக்குப் பக்கத்தில் அண்ணன், அண்ணனுக்குப் பக்கத்தில் தம்பி, பூசாரி, காதர் மைதீன், பஸ்ஸை நடுரோட்டில் நிறுத்திவிட்டு இறங்கி வந்த டிரைவர், அவருக்குப் பின்னால் இறங்கிய பயணிகள், என்ன ஏது என்று தெரியாமலே தோளைக் கொடுத்த வெளியூர்க்காரர்கள், சப்பாத்தி மாவு ஒட்டிய சட்டையோடு குருநாதன். சந்தைத் திடலில் தொடங்கிய வரிசை பஸ் நிறுத்தத்தைச் சுற்றி, கோயிலைச் சுற்றி, பள்ளிவாசலைத் தாண்டி வாய்க்கால் பாலம்வரை போயிற்று. ஆள் சேரச் சேர பாரம் மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் ஒவ்வொருவர் தோளிலும் ஒரு தூக்குவாளித் தண்ணீர் அளவுக்கு வந்து நின்றது. அந்த மெல்லிய பாரத்துக்குள் ஒரு மூச்சு வந்து போவதை, ஊரே ஒரே நேரத்தில் உணர்ந்தது.

அந்த மூச்சு சீராக இல்லை. இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

"தூங்கப் பாக்குறான்," என்றார் குருநாதன், வெளிறிய முகத்தோடு. "அடிபட்டவன் தூங்கக் கூடாது. தூங்குனா முடிஞ்சுரும்."

யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. அப்போது தவமணிக்கு இடப்பக்கத்தில் இருந்த கருவாட்டுக்காரியை ஒரு கை விலக்கியது.

"நகரு. உன் தோள் சரியுது," என்றாள் பேச்சியம்மாள். கருவாட்டுக்காரியிடம் இல்லை, தவமணியிடம், நேராக, முகத்தைப் பார்த்து. மருமகளின் தோளோடு தன் தோளைச் சேர்த்து அழுத்திக்கொண்டு நின்றாள். ஒரு கணம் அவள் முகம் எதையோ தேடியது. பிறகு மெல்லச் சொன்னாள், "இது எம்மகன் இல்லடி. எவளோ ஒருத்தி பெத்த பிள்ளை."

"ஆமா அத்தை."

"அவ எங்க இருக்காளோ." பேச்சியம்மாள் கண்ணை ஒரு தடவை மூடித் திறந்தாள். அடுத்த நொடி அவள் குரல் மூன்று தெருவுக்கும் கேட்டது. "ஏலேய்! எந்திரிடா! பகல்ல என்னடா தூக்கம் உனக்கு? எம்பிள்ளை உன்னையத் தூக்கிட்டு அந்தக் குளிருல முக்கி முக்கி நடக்குறான், நீ பாட்டுக்குக் கண்ண மூடுறியா? கண்ணத் தெறடா கழுதை! மூச்ச விடு! ம், விடு! இன்னொண்ணு! அப்படித்தான். நின்னே, அங்க வந்து காதப் பிடிச்சுத் திருகுவேன்!"

மூச்சு வந்தது. பேச்சியம்மாள் நிறுத்தவில்லை. வெயில் சாயும்வரை திட்டினாள். தன் புருஷனைத் திட்டி வைத்திருந்த வசவெல்லாம் முடிந்து, தன் மாமியாரைத் திட்ட முடியாமல் போன வசவெல்லாம் முடிந்து, நாலு வருஷமாக மருமகளுக்கென்று சேர்த்து வைத்திருந்த வசவையும் எடுத்து அவனுக்கே கொடுத்தாள். பக்கத்தில் நின்று அதையெல்லாம் கேட்ட தவமணிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. குரல் கட்டியபோது யாரோ நீட்டிய மோரைக் குடித்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். ஒவ்வொரு வசவுக்கும் ஒரு மூச்சு. வரிசையில் நின்றவர்கள் பல்லைக் கடித்துக்கொண்டு, ஒருவரும் உட்காராமல், அந்த மூச்சைத் தோளுக்குத் தோள் தாங்கிக்கொண்டு நின்றார்கள்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குகிற நேரத்தில், பாரம் சட்டென்று எல்லாத் தோளிலிருந்தும் ஒரே சமயத்தில் எழுந்து போனது. கீழே விழுந்தது போல இல்லை, மேலே போனது.

ஒருவரும் அசையவில்லை. இறக்கிவைத்தானா, இல்லை எல்லாமே முடிந்ததா என்று தெரியவில்லை. பாரம் இல்லாத தோளை ஒருவர் மேல் ஒருவர் சாய்த்தபடி, விளக்குப் போடும்வரை அப்படியே நின்றார்கள். பேச்சியம்மாள் தவமணியைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சோறு போட்டாள். இரண்டு பேரும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் மத்தியானம் தவமணியின் போன் அடித்தது. கொட்டகையே அவளைச் சூழ்ந்துகொண்டது.

"தவமணி," என்றான் சுருளிவேல். உதடு வெடித்த குரல். "நல்லா இருக்கேன்."

எல்லாரும் கேட்கட்டும் என்று அவள் ஸ்பீக்கரைப் போட்டாள்.

"ஒண்ணு சொன்னா நம்புவியா? இந்தத் தடவை பை கனக்கவே இல்ல. எதையோ மறந்து விட்டுட்டு வந்துட்டோம்னு பயந்துபோய் ரெண்டு தடவை தெறந்து பாத்தேன், எல்லாம் இருந்துச்சு. நேத்து பூரண் சிங்குக்குத் தொடையில குண்டு. ஹெலிகாப்டர் இறங்குற இடத்துக்குப் பாதி மலை இறங்கணும். நான் ஒருத்தனே தூக்கிட்டு வந்தேன். எங்க கேப்டன் என்னைய ஒரு மாதிரி பாக்குறாரு. என் முதுகுல ஆள் இருக்கிற மாதிரியே தெரியல தவமணி. அவனை ஹெலிகாப்டர்ல ஏத்துனதுக்கு அப்புறந்தான் எனக்குக் கால் நடுங்குச்சு."

"பொழைச்சுட்டானா?" என்று கேட்டது பேச்சியம்மாளின் குரல், கட்டிப்போன தொண்டையோடு.

"ஆத்தா? நீ எங்க இங்க?" சுருளிவேல் ஒரு கணம் திகைத்தான். "பொழைச்சுட்டான். என்ன, மயக்கத்துல கொஞ்சம் உளறுறான். வழி பூரா எவளோ ஒரு பொம்பளை புரியாத பாஷையில தன்னைத் திட்டிக்கிட்டே வந்தாளாம். தூங்க விடலயாம்."

அன்று மருதனூத்தில் எழுந்த சத்தம் எதிர்மலையில் பட்டுத் திரும்பி வந்தது. லாரி டிரைவர்கள் ஹாரனை அழுத்தினார்கள், கோயில் மணியை யாரோ அடித்தார்கள், காதர் மைதீன் சர்க்கரையை அள்ளி அள்ளிக் கண்டவர் வாயிலெல்லாம் போட்டார், இருளப்பன் பேச்சியம்மாளைத் தோளில் தூக்கி உட்கார வைத்து, "எறக்குடா என்னைய, எறக்குடா" என்ற அவள் அதட்டலைக் கேட்காமல், கொட்டகையை மூன்று சுற்றுச் சுற்றினான்.

சித்திரையில் சுருளிவேல் லீவில் வந்தான். பஸ்ஸிலிருந்து இறங்கியதுமே அவன் பையைக் கண்டக்டர் பிடுங்கிக்கொண்டார். வீடுவரை ஊர் அவனை ஒரு சொம்புகூடத் தூக்க விடவில்லை. அன்று பொழுது சாய்ந்ததும் தவமணி அவனை உட்காரவைத்து எண்ணெய் தேய்த்தாள். கால் விரல் நகம் நாலு கறுத்துச் செத்திருந்தது, குத்துக்கால் போட்டால் முட்டி இரண்டும் கல் அரைபடுவது போல நறநறத்தது. முதுகில் பழைய வடுக்கள் இருந்தன, புதிது ஒன்றுகூட இல்லை. அவன் திரும்பி அவள் தோளைப் பார்த்தான். ரவிக்கை ஓரத்தில் தடம் இன்னும் கன்றிப்போய் இருந்தது. எண்ணெய்க் கிண்ணத்தை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டு, "இப்ப நீ உக்காரு," என்றான். அந்தத் தடத்தின் மேல் மெதுவாக எண்ணெய் தேய்த்தான்.

கூட வந்திருந்த பூரண் சிங் மறுநாள் காலை ஊர் பார்க்கக் கிளம்பினான். ஊன்றுகோலோடு, சுருளிவேலின் கையைப் பிடித்துக்கொண்டு தெருக்குழாய்ப் பக்கமாக நடந்தான். குழாயடியில் யாரோ குடத்தை வரிசை மாற்றி வைத்துவிட்டார்கள் என்று பேச்சியம்மாள் ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பூரண் சிங் நின்றான். ஊன்றுகோல் கையிலிருந்து நழுவியது. அவன் இந்தியில் ஏதோ சொன்னான்.

"இந்தக் குரல்தானாம்," என்றான் சுருளிவேல்.

பேச்சியம்மாள் குடத்தை இறக்கிவைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவனை மேலும் கீழும் பார்த்தாள். "இவனா? ஒட்டடைக் குச்சி மாதிரி இருக்கான். அன்னிக்கு என்னா கனம் கனத்தான்!" பிறகு, "இவன் ஆத்தா எங்கடா?" என்று கேட்டாள்.

"இல்ல ஆத்தா. சின்ன வயசுலயே போயிட்டாங்க. யாரும் இல்ல."

பேச்சியம்மாள் குனிந்து ஊன்றுகோலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். "பேர் என்ன சொன்ன? பூரணமா?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவன் காதைப் பிடித்து வலிக்காமல் ஒரு திருகுத் திருகினாள். "வா பூரணம். இட்லி ஆறிப்போகும்."

அவன் லீவு முடியும்வரை பேச்சியம்மாள் வீட்டில்தான் சாப்பிட்டான், அவளிடம் திட்டு வாங்கினான், நாலு வசவைத் தமிழில் திருத்தமாகச் சொல்லக் கற்றுக்கொண்டு அதை நன்றி என்று நினைத்து ஊரெல்லாம் சொன்னான். ஊரும் நன்றி என்றே வாங்கிக்கொண்டது.

கால் தேறி, பூரண் சிங் மறுபடி பட்டாளத்தில் ஓடத் தொடங்கியதெல்லாம் போனில் தெரிந்தது. மறு வருஷம் அறுவடை தொடங்கியிருந்த ஒரு நாள், சுருளிவேல், "கொஞ்ச நாளைக்குப் போன் வராது" என்றான். மருதனூத்து தயாரானது. தவமணி எட்டு மாசக் கர்ப்பமாக இருந்ததால், அவள் பக்கத்தில் எப்போதும் தோள் கொடுக்க ஒரு ஆள் என்று இருளப்பன் ஏற்பாடு செய்துவைத்தான். மறுநாள் விடியலில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தவளின் முதுகில் அது வந்து மெதுவாக உட்கார்ந்தது. மேலே கனம், அடியில் லேசு, வலது பக்கம் ஒரு இழுப்பு.

"ஏத்திட்டான்!" என்று அவள் குரல் கொடுத்தாள்.

இருளப்பன் தோளைத் தட்டிக்கொண்டு ஓடிவந்தான். அவன் அவளை நெருங்குமுன்பே, நாலு வீடு தள்ளி ஒரு வாளி தடாலென்று விழுகிற சத்தம் கேட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. தெளித்த சாணித் தண்ணீருக்கு நடுவில், பேச்சியம்மாள் இரண்டு தோளும் கீழே இழுபட, முதுகு வளைந்து, வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தடுமாறி ஒரு முட்டியில் இறங்கினாள். பதறாமல் மறு காலை ஊன்றினாள். எழுந்தாள். கையை நீட்டியபடி ஓடிவந்தவர்களையெல்லாம் ஒரு பார்வையிலேயே தள்ளி நிறுத்தினாள்.

"யாரும் தொடாதீங்க," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு, கண்ணெல்லாம் தண்ணீர். "இது இடது பக்கம் இழுக்குது. என் பூரணம்டி, தவமணி! எனக்கு நேரா வந்துருக்கான்டி!"